தலைகீழாக விழுந்த டிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் என் மூஞ்சியை நானே கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்கிற ஆள், இதற்கு மேல் ஒரு பேய் வந்து புதிதாக என்ன காட்டிவிடப் போகிறது என்ற எண்ணம்தான். எங்கள் தெருவில் யாருக்காவது காற்று கருப்பு அடித்துவிட்டது என்று சர்ச்சில் ஜெபம் வைத்தால் நான் பின்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பேன். பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தி என்னைத் திட்டிவிட்டு மறுபடி ஜெபத்துக்குப் போவார்.

படிப்பு நாலாம் வகுப்பு. அதையும் இரண்டு வருஷம் படித்தேன், பிடித்துப்போய்விட்டது. அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் வேலூரில் நர்சு. "யப்பா, சும்மா உடாத" என்று இதுவரை இரண்டு தடவை சொல்லிவிட்டாள், கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் நான் வேலை செய்த தோல் டேனரி கழிவுத் தண்ணீர் வழக்கில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. என் வேலைக்கு செலக்‌ஷன் என்று பெயர். பதம் முடிந்த தோலை மேஜையில் விரித்து, எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள் கீறியது, எங்கே கத்தி பட்டது என்று பார்த்து ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்க வேண்டும். இது ஒருவன் செய்கிற வேலை இல்லை. ஒரு மேஜைக்கு இரண்டு பேர், எதிரெதிராக. வெளிச்சம் பட்டு என் கண்ணுக்கு மறைகிற தழும்பு எதிரில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியும். என் ஜோடி பஷீர். பதினாலு வருஷம் அவன் மூஞ்சியை நான் பார்த்தேன், என் மூஞ்சியை அவன் பார்த்தான். நஷ்டம் அவனுக்குத்தான் ஜாஸ்தி.

பக்கத்து ஷெட்டில் தோல் ஊறுகிற டிரம் உருளுகிற சத்தத்தில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. அதனால் விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் சரி, சுத்தம், அடுத்ததை எடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து, நீ பார், என்னால் ஆகாது. பார்த்து முடித்த தோலின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு டிக். யார் பார்த்தது என்று மேஸ்திரிக்குத் தெரிய வேண்டும் இல்லையா, அதனால் என்னுடையது மொட்டை டிக், பஷீருடையது வால் சுருண்டு மீன் தூண்டில் முள் மாதிரி இருக்கும். அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்ததால் அந்த டிக்கைப் பதினாலு வருஷமும் நான் தலைகீழாகத்தான் பார்த்தேன். நேராக அது எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

டேனரி மூடியதும் பஷீர் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதால், ஜவ்வாது மலையில் நட்சத்திரம் பார்க்கிற நிலையம் ஒன்றில் ஜீப் ஓட்டத் தற்காலிகமாகச் சேர்ந்தேன். காய்கறி, டீசல், விஞ்ஞானிகள், மூன்றையும் ஏற்றி இறக்குவேன். காய்கறிதான் வழியில் வாந்தி எடுக்காது.

அங்கேதான் எஸ்தர் மேடம் வந்தது. காட்பாடிப் பெண், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அப்பா ஸ்கூல் ஹெட்மாஸ்டர். இந்த வருஷத்தோடு உதவித்தொகை முடிகிறது, அதற்குள் முடிக்காவிட்டால் அப்பா பார்த்து வைத்திருக்கிற ஸ்கூலில் கணக்கு டீச்சராகப் போக வேண்டியதுதான் என்று ஜீப்பில் வரும்போதே சொல்லிவிட்டது.

"இன்னா மேடம் அப்படி பாக்கறீங்க அந்த நட்சத்திரத்துல?" என்று கேட்டேன்.

"பெரிய நட்சத்திரம் தாஸண்ணே. நம்ம சூரியன மாதிரி பத்து மடங்குக்கு மேல கனம், நீலமா எரியும். அது கூட ஒரு ஜோடி இருக்கு. அது சின்னது, ஆனா பயங்கர கனம். கண்ணுக்குத் தெரியாது. பெரிய நட்சத்திரத்துல இருந்து வர்ற வாயுவ இழுத்து முழுங்கும். முழுங்கறப்ப சூடாகி எக்ஸ்ரே வரும்."

"எக்ஸ்ரேவா? யாருக்கு எலும்பு ஒடஞ்சிது?"

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தது. "அந்த எக்ஸ்ரே நம்ம காத்தத் தாண்டி கீழ வராதுண்ணே. மேல சுத்தற சாட்டிலைட்டுக்குத்தான் தெரியும். இங்க இருந்து நாம பெரியவர மட்டும்தான் பாக்க முடியும்."

பிறகு கம்ப்யூட்டரில் காட்டியது. நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து நீளமாக விரித்து வைத்த படம், ஸ்பெக்ட்ரம் என்று பெயர். நடுநடுவே கருப்புக் கோடுகள். எனக்கு உடனே கை பரபரத்தது.

"மேடம், இது கீறல் உழுந்த தோலு. ரெண்டாந்தரம்தான் போடுவேன்."

"அந்தக் கீறல்தான்ணே எனக்கு வேணும்" என்றது. நட்சத்திரம் நம்மைப் பார்த்து வரும்போது அந்தக் கோடுகள் கொஞ்சம் நீலப் பக்கம் நகருமாம், விலகிப் போகும்போது சிவப்புப் பக்கம். அது முன்னும் பின்னும் போய்வருகிற வேகத்தை வைத்து, எதிரில் இருந்து இழுக்கிற ஜோடி எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாமாம்.

இது எனக்குப் புரிந்தது. டேனரியில் இரண்டு பேர் ஈரத் தோலை ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறுவார்கள். கதவு பாதி சாத்தியிருந்தால் ஒருவன்தான் தெரிவான். ஆனால் அவன் முன்னால் போய்ப் பின்னால் வருகிறதைப் பார்த்தே அந்தப் பக்கம் இருப்பவன் பயில்வானா நோஞ்சானா என்று சொல்லிவிடலாம். இதைச் சொன்னதும் மேடம் நோட்டில் எழுதிக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. போலீஸ் ஸ்டேஷனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மேடத்திடம் எல்லா இடத்துக்கும் படம் இருந்தது, ஒன்றைத் தவிர. நட்சத்திரம் நம்மைப் பார்த்து அதிக வேகத்தில் வருகிற இடம். அது இல்லாவிட்டால் ஜோடியின் கனத்துக்குப் போட்ட கணக்கு நிற்காது, ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். அதற்காக மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் மேகம் மூடிப் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் கடைசி. அந்த நட்சத்திரம் அப்போது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டியதும் ஒரு மணி நேரம் கிடைக்கும், பிறகு மரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். மறுபடி அந்த இடத்துக்கு அது சுற்றி வரும்போது மழைக்காலம்.

அன்றைக்குப் பார்த்து, தொலைநோக்கியில் நட்சத்திரத்தைப் பிடித்து வைக்கிற ஆளின் மனைவிக்குப் பிரசவ வலி, அவர் கீழே இறங்கிவிட்டார். மேடம் என்னைப் பார்த்தது. நான் என் பின்னால் பார்த்தேன், யாரும் இல்லை.

நட்சத்திரத்தைப் பிடிப்பது என்றால், லென்ஸ் வழியாகப் பார்த்தால் பளபளப்பான தகட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு பிளவு இருக்கும். நட்சத்திரம் அந்தப் பிளவில் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் வழியும். ஒரு பக்கம் ஜாஸ்தியாக வழிந்தால் அது நகர்கிறது என்று அர்த்தம், கையில் இருக்கிற நாலு பட்டன் பெட்டியில் எதிர்ப் பட்டனை ஒரு தட்டு தட்டிச் சரிசெய்ய வேண்டும். யந்திரம் தானாகத்தான் தொடரும், ஆனாலும் கவனிக்காமல் விட்டால் ஐந்தாறு நிமிஷத்தில் நட்சத்திரம் பிளவை விட்டுப் போய்விடும். முந்தின இரண்டு நாளும் மேகம் விலகின நேரத்தில் மேடம் என்னை உட்கார வைத்துப் பார்த்திருந்தது. "உங்களுக்கு நல்ல கண்ணுண்ணே" என்றது. தோல் பார்த்த கண்.

சாயங்கால வேலைக்கு மதியமே தூங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? காய்கறி வாங்க ஆம்பூர் இறங்கி, நேராக பஷீர் வீட்டில் போய் உட்கார்ந்து, அவன் மனைவி வைத்த பிரியாணியை கத்திரிக்காய் தொக்கோடு இரண்டு தட்டு முடித்தேன். பெருமையாக என் புது வேலையைச் சொன்னேன்.

"ஒண்டியாவா பாக்கற?" என்று பஷீர் கேட்டான். "அரே, ஆட்டுத் தோலயே ரெண்டு பேரு பாக்கறோம். அம்மாம் பெரிய நட்சத்திரத்த உன்ன நம்பி உட்டாங்களா?"

"எல்லாம் என் மூஞ்சிக்குத்தான்."

"இந்த பிரியாணி உன்ன தூக்கத்துல தள்ளும் தாஸு. நீ தூங்கிட்டன்னா யார்டா தட்டுவா?"

நான் சிரித்துவிட்டு ஜீப்பை எடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஏழரை. எல்லாரும் சொல்கிற கதையில் அமாவாசை, நடு ராத்திரி, நாய் ஊளை எல்லாம் வரும். என் கதையில் ஏழரை மணி. கீழே கேன்டீனில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் சுத்தமாக விலகிவிட்டது. மேடம் கீழே கம்ப்யூட்டர் ரூமில், நான் மேலே. பெரிய உருண்டைக் கூரைக்குள், தரையில் இருந்து இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு இரும்பு மேடை. மூன்று பக்கம் கம்பித் தடுப்பு. எனக்கு முன்னால் தடுப்பு, அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்புத் தகடு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் இருட்டு, கீழே சிமென்ட் தரை.

"தாஸண்ணே, ஆரம்பிக்கலாமா?" இன்டர்காமில் மேடத்தின் குரல்.

"ஆரம்பிங்க மேடம், நான் கீறேன்ல."

இந்தத் திமிருக்குத்தான் தண்டனை கிடைத்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒவ்வொரு தடவை பட்டனைத் தட்டும்போதும் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் இருந்த சாக்பீஸால் அந்தக் கருப்புத் தகட்டில் ஒரு டிக் போட்டேன். கை கேட்காது. கண்ணை எடுக்காமல் விரலால் தடவித் தடவிப் போடுவேன். பத்து, பதினொன்று வரை போட்டது ஞாபகம் இருக்கிறது. குரங்குக் குல்லா, கம்பளி, வயிற்றில் பிரியாணி, கண் முன்னால் நீலமாக ஒரு சின்ன மினுக்கு. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

டக், டக்.

இரும்பில் இரண்டு தட்டு. என் காதுக்கு நேர் எதிரே. தூக்கத்திலேயே நான் "இன்னாடா பஷீரு, எங்க கீறல்?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. மேடத்தின் ஒரே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டேன். கடிகார முள் மினுங்கியது, எட்டு இருபத்தைந்து. அரை மணிக்கு மேல் செத்தவன் மாதிரி தூங்கியிருக்கிறேன்.

ஓடிப்போய்விடலாமா என்று முதலில் யோசித்தேன், உண்மையைச் சொல்கிறேன். மேடையிலிருந்து இறங்கும் ஏணி மேடத்தின் ரூமைத் தாண்டித்தான் போகும் என்பதால் லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

நட்சத்திரம் பிளவுக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம். என்னால் கூட அவ்வளவு சுத்தமாக வைக்க முடியாது. ஆனால் மங்கிக்கொண்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் திறப்பு ஓரம் நட்சத்திரத்தை மறைக்க வந்துவிட்டது, கூரையைத் திருப்ப வேண்டும். அந்த சுவிட்சு எனக்குப் பின்னால் தூணில் இருந்தது. எழுந்து போய் அழுத்தினேன், கூரை கடகடவென்று நகர்ந்தது, நட்சத்திரம் மறுபடி பளிச்சென்று ஆனது.

பட்டன் பெட்டியைத் தேடினேன். மடியில் இல்லை, காலடியில் இல்லை. அதன் ஒயர் தடுப்புக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் தொங்கியது. இழுத்தேன், வந்தது. கூரை நகர்ந்த அதிர்வில் நட்சத்திரம் ஒரு இழை விலகியிருந்தது, ஒரே ஒரு தடவை பட்டனைத் தட்டினேன். டிக் போடப் பையைத் தடவினேன். சாக்பீஸ் இல்லை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"தாஸண்ணே! கீழ வாங்க! சீக்கிரம்!"

திட்டு வாங்கப் போனேன். மேடம் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர். கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரம். கோடுகள் ஊசியால் கீறின மாதிரி இருந்தன.

"இதுவரைக்கும் எடுத்ததுலயே இதுதான்ணே சுத்தம். கோடு நல்லா நீலப் பக்கம் போயிருக்கு பாருங்க. எனக்கு வேண்டியது கெடச்சிருச்சி. கெடச்சிருச்சி!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? யோக்கியன் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்" என்றேன். டீ கொடுத்தது, வாங்கிக் குடித்தேன்.

"ஆனா ஏன்ணே வாயத் தொறந்து பதில் சொல்லல? மூணு தடவ கேட்டேன், நட்சத்திரம் இருக்கா, நட்சத்திரம் இருக்கான்னு. மூணு தடவையும் டொக்குனு ஒரே தட்டு. மொதல்ல கோவம் வந்துச்சி. அப்பறம் சரி, இருக்குன்னு சொல்றாரு போலன்னு உட்டுட்டேன்."

டீ மூக்கில் ஏறியது. அந்த மலையில் ஒரு தட்டுக்கு அர்த்தம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். நான் அதை யாருக்கும் சொன்னதே இல்லை.

ஒப்புக்கொண்டேன். தூங்கிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழாத குறை. மேடம் நம்பவில்லை. "தூங்குனா நட்சத்திரம் நிக்காதுண்ணே. கை பழக்கத்துல தூக்கத்துலயே பட்டன தட்டியிருப்பீங்க. பஸ் டிரைவரெல்லாம் அப்படி ஓட்டுவாங்க" என்றது. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. சரி, டிக் போட்டிருப்பேனே, எண்ணிப் பார்க்கலாம் என்று டார்ச்சோடு இரண்டு பேரும் மேலே ஏறினோம்.

கருப்புத் தகட்டில் இடது பக்கம் என் மொட்டை டிக் பதினொன்று. கோணல்மாணலாக, கடைசி இரண்டும் தூக்கத்தில் வழுக்கி இருந்தன. தகட்டின் அந்தப் பக்க ஓரத்தில் இன்னொரு வரிசை. வரிசை தப்பாமல், ஒரே அளவில். எல்லா டிக்கும் வால் சுருண்டு, தூண்டில் முள் மாதிரி. எல்லாம் தலைகீழாக.

மேடம் டார்ச்சைத் தடுப்புக்கு மேலே நீட்டிக் கீழே அடித்தது. வெறும் ஆழம். அடியில் சிமென்ட் தரையில் என் சாக்பீஸ் மூன்று துண்டாகக் கிடந்தது.

"இங்க நின்னு இப்படிப் போட முடியாதேண்ணே" என்றது மெதுவாக. கம்பியின் மேல் குனிந்து, கையைத் திருப்பி, ஒரு டிக் போடுகிற மாதிரி காற்றில் பார்த்தது. "அந்தப் பக்கம் நின்னாதான்..."

அந்தத் தலைகீழ் வரிசையை எண்ணியது. இருபத்தாறு. அதை நோட்டில் எழுதிக்கொள்ளும் என்று நினைத்தேன், எழுதவில்லை.

நான் பயந்தது வேறு. ஒருவன் இந்த மாதிரி வருகிறான் என்றால் அவன் உயிரோடு இல்லை என்று எல்லாக் கதையிலும் கேட்டிருக்கிறேன். பஷீர் வீட்டில் போன் கிடையாது. விடியற்காலை முதல் பஸ் பிடித்தேன். ஆலங்காயம் வரை மனசுக்குள் அழுதேன். வாணியம்பாடியில், அவன் கடனாகக் கொடுத்த குடையைத் திருப்பித் தரவில்லையே என்று அழுதேன். ஆம்பூரில் இறங்கி அவன் தெருவில் திரும்பினேன், பஷீர் வீட்டு வாசலில் இருபது முப்பது ஜோடிச் செருப்பு.

அப்படியே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் காலை நேரத்தில் அத்தனை செருப்பு கிடந்தால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெரிய சத்தம். அழுகை என்று நினைத்தேன்.

"அவுட்டு! அவுட்டு!"

நியூசிலாந்தில் எங்கேயோ கிரிக்கெட் மேட்ச். தெருவிலேயே பஷீர் வீட்டில்தான் கேபிள். பஷீர் பனியனோடு நடுவில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். நான் பாய்ந்து போய்க் கட்டிப் பிடித்தேன். டீ டிவி மேலே கொட்டியது. தெருவே என்னைத் திட்டியது. என் வாழ்க்கையில் திட்டு அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை.

"இன்னாடா பேஜாரு, காலங்காத்தால?" என்றான். "நட்சத்திரம் ஓடிப்போச்சா?"

"பஷீரு, நேத்து சாயங்காலம் எட்டு மணிக்கு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"தூங்கினேன். இன்னா இப்ப? நீ துன்னுட்டுப் போனப்பறம் மீதி பிரியாணிய நான் துன்ன வேணாமா?"

அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. "நல்லா கேளுங்க தாஸ் பாய். பொழுது சாஞ்சி மக்ரிப் தொழுதுட்டு வந்து உழுந்தாரு. தூக்கத்துல கட்டில தட்டிக்கினே இருந்தாரு. எழுப்பினா எந்திரிக்கல. வந்து பாருங்க, போன மாசம் அடிச்ச பெயின்டு, நகத்தாலயே சொரண்டி வெச்சிருக்காரு."

பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில். சட்டத்தில் வரிசையாக, நேராக, வால் சுருண்ட டிக். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் டிக்கை நான் நேராகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

"கனவு ஏதாவது வந்துச்சாடா?"

"கனவும் இல்ல, ஒன்னும் இல்ல. வெரல்தான் வலிக்குது" என்று கட்டைவிரலை நீவிக்கொண்டு மறுபடி மேட்ச் பார்க்கப் போய்விட்டான். நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தம்மா எனக்கும் ஒரு டீ வாங்கித் தரணும்" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு.

எஸ்தர் மேடத்துக்குப் பட்டம் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஜோடியின் கனத்துக்குப் போட்ட கணக்கு நிலைத்துவிட்டது, யாரும் ஊகம் என்று சொல்லவில்லை. புத்தகமாக பைண்டு செய்து எனக்கு ஒன்று அனுப்பியது. முதல் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில் என் பெயர், பக்கத்தில் பஷீர் பெயர். மகள்தான் படித்துக் காட்டினாள். பஷீரிடம் காட்டினேன், "நான் இன்னாடா செஞ்சேன்?" என்று வெட்கப்பட்டான். டேனரி திறந்து, மறுபடி எதிரெதிரே உட்கார்ந்து, கண் மங்கும் வரை தோல் பார்த்தோம். இப்போது இரண்டு பேருக்கும் பேரப்பிள்ளைகள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒருவருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. இதைப் போய்ப் பேய்க் கதை என்று எப்படிச் சொல்வது என்று மகள் கேட்கிறாள்.

ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குக் காலையில் கட்டில் சட்டத்தில் இருந்த டிக்கையும் எண்ணினேன். இருபத்தேழு. மலையில் இருபத்தாறு. நான் கணக்கில் புலி இல்லை, தப்பாக எண்ணியிருப்பேன் என்று இன்னொரு தடவை விரல் வைத்து எண்ணினேன். இருபத்தேழுதான். சரி, ஒன்று கூடினால் என்ன, பெயின்ட் அவனுடையது என்று பஸ் ஏறிவிட்டேன். ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போதுதான் உறைத்தது.

கூரையைத் திருப்பிவிட்டு வந்து நான் ஒரு தடவை பட்டனைத் தட்டினேனே. சாக்பீஸ் இல்லாமல் டிக் போடாமல் விட்டேனே. அப்போது நான் நன்றாக முழித்திருந்தேன். எனக்கு முன்னால் கம்பி, அதற்கு அந்தப் பக்கம் இருட்டு, நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் தட்டினேன்.

அதையும் எண்ணியிருக்கிறது.